'தூசி இல்லாத பெயிண்டிங்' சர்வீஸ்: சுவருக்கு 5 ஸ்டார், ஜன்னலுக்கு 2

முதலில் ரேட்டிங்: ஐந்துக்கு மூன்று. கம்பெனி பெயரைப் போடவில்லை. நான் கொட்டேஷன் வாங்கிய எல்லா இடத்திலும் ஏறக்குறைய இதே கதைதான், ஒருத்தரை மட்டும் திட்டி என்ன பிரயோஜனம். ஆப்பில் புக் செய்தால் ஆள் வந்து லேசர் மீட்டரால் சுவரை அளந்து, டேப்லெட்டில் கலர் காட்டி, "தூசியே வராது மேடம், குழந்தை இருக்கிற வீட்டுக்கு ரொம்ப சேஃப்" என்று சொல்லி, தெருமுனை மேஸ்திரி கேட்பதைவிட ஒன்றரை மடங்கு கொட்டேஷன் போடுவார்களே, அந்த வகை சர்வீஸ்.

எங்கள் வீடு மயிலாப்பூர் பக்கம். 80-களின் தொடக்கத்தில் கட்டியது, கீழ் போர்ஷனில் வாடகைக்கு இருக்கிறோம். மர ஜன்னல், இரும்பு கிரில், அதன் மேல் எத்தனையோ பொங்கலுக்கு அடித்து அடித்து உப்பிப்போன எனாமல். இரண்டு வயதில் பெண் இருக்கிறாள், தரையில் எது கிடந்தாலும் நேராக வாய்க்குத்தான் போகும். பழைய பெயிண்ட் தூசியில் காரீயம், அதாவது லெட் என்ற நச்சு உலோகம், இருக்கலாம் என்பதுதான் என் பயம். அந்த "சேஃப்" என்ற ஒரு வார்த்தைக்காகத்தான் கூடுதல் காசு கொடுக்க ஒப்புக்கொண்டேன்.

சுவர் வேலையைக் குறை சொல்ல முடியாது. சொன்ன நேரத்துக்கு வந்தார்கள், கட்டில் பீரோ எல்லாவற்றையும் பிளாஸ்டிக் ஷீட்டால் மூடினார்கள், பட்டி பார்த்து காய்ந்ததும் தேய்க்க ஒரு மெஷின், அதன் பின்னால் குழாய் வைத்த வாக்குவம். பழைய முறையில் பட்டி தேய்த்தால் வீடு முழுக்க மாவு கொட்டினது போல் ஆகும், சமையலறை வரைக்கும் வரும். இதில் அந்தத் தொல்லை இல்லை. ஃபினிஷிங்கும் சுத்தம், லைட் போட்டுப் பார்த்தாலும் திட்டு தெரியவில்லை. சுவருக்கு மட்டும் ரேட்டிங் என்றால் கண்ணை மூடிக்கொண்டு ஐந்து போடுவேன்.

ஆனால் பழைய வீட்டில் பயப்பட வேண்டிய இடம் சுவர் இல்லை. நம் சுவர்களில் காலங்காலமாக இருந்தது சுண்ணாம்பு, அப்புறம் டிஸ்டெம்பர், அப்புறம் எமல்ஷன். காரீயம் அதிகம் இருந்தது எனாமலில்தான், அதாவது கதவு, ஜன்னல், கிரில், கேட், மாடிப்படிக் கைப்பிடி. சீக்கிரம் காயவும், நிறம் பளிச்சென்று நிற்கவும் காரீயச் சேர்மங்களைப் போட்டார்கள். மஞ்சள், ஆரஞ்சு மாதிரி நிறங்களில் இன்னும் ஜாஸ்தி, அந்த நிறப்பொடியே லெட் குரோமேட்தான். இந்தியாவில் வீட்டுப் பெயிண்டில் காரீயம் 90 பிபிஎம்முக்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதி 2016-ல்தான் வந்தது, 2017 நவம்பரில்தான் அமலுக்கு வந்தது. ஒரு கிலோ காய்ந்த பெயிண்டில் 90 மில்லிகிராம், அவ்வளவுதான் அனுமதி. அதற்கு முன் விற்ற எனாமல்களைச் சோதித்தபோது ஆயிரக்கணக்கான பிபிஎம் சர்வ சாதாரணமாக வந்திருக்கிறது. அமெரிக்காவில் வீட்டுப் பெயிண்டில் காரீயத்தை 1978-லேயே தடை செய்துவிட்டார்கள், அங்கேயே இன்னும் பழைய வீடுகளில் அந்தத் தூசியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

இப்போது ஜன்னல் வேலைக்கு வருகிறேன். அந்த அழகான மெஷின் ஹாலில் சும்மா கிடக்க, பெயிண்டர் அண்ணன் ஒரு தகடும் உப்புத்தாளும் எடுத்துக்கொண்டு ஜன்னல் கட்டையைக் காய்ந்த நிலையிலேயே பரபரவென்று தேய்க்க ஆரம்பித்தார். மேலே சந்தனக் கலர், அதற்குக் கீழே கரும்பச்சை, அதற்கும் கீழே வெளிர் நீலம். கிரில்லில் எல்லாவற்றுக்கும் அடியில் பளிச்சென்ற ஆரஞ்சு பிரைமர். செங்கல் நிறமாக இருந்தால் பெரும்பாலும் ரெட் ஆக்சைடு, அது இரும்பு ஆக்சைடு. பளீர் ஆரஞ்சு என்றால் ரெட் லெட் எனப்படும் பழைய காரீய பிரைமராக இருக்க வாய்ப்பு அதிகம். பச்சைத் தூள் ஜன்னல் திட்டில் படிந்து, ஃபேன் காற்றில் கட்டில் பக்கமாகப் போய்க்கொண்டிருந்தது. அண்ணனுக்கு மாஸ்க் கிடையாது, ஒரு கைக்குட்டையை மூக்கில் கட்டியிருந்தார்.

சூப்பர்வைசரைக் கூப்பிட்டு, மெஷின் ஏன் இதற்கு இல்லை என்று கேட்டேன். "மெஷின் பேட் பெருசு மேடம், ஜன்னல் சட்டத்துக்குள்ள போகாது." சரி, காரீயம் இருக்குமே என்றேன். "எங்க பெயிண்ட்ல லெட் இல்ல மேடம், சர்டிபிகேட் அனுப்பட்டுமா?" உடனே வாட்ஸ்அப்பில் அனுப்பியும் விட்டார். புதுப் பெயிண்டின் சர்டிபிகேட். தரையில் கிடப்பது 40 வருஷப் பழைய பெயிண்ட்டின் தூள். இந்த வித்தியாசம் அவருக்கு யாருமே சொல்லிக் கொடுக்கவில்லை என்பதுதான் விஷயம், அவர் ஏமாற்றப் பார்த்தார் என்று நான் சொல்ல மாட்டேன்.

இதற்கு ஏன் இவ்வளவு ஆர்ப்பாட்டம் என்று கேட்பீர்கள். உடம்பு காரீயத்தைக் கால்சியம் என்று எண்ணிக்கொண்டு எலும்பில் சேர்த்து வைக்கும், வருஷக்கணக்கில் அங்கேயே இருக்கும். ஒரே அளவு வயிற்றுக்குள் போனாலும் சின்னக் குழந்தைகள் பெரியவர்களைவிட 4, 5 மடங்கு வரை உறிஞ்சிக்கொள்வார்கள். இரும்புச்சத்து குறைவான குழந்தை இன்னும் அதிகம் உறிஞ்சும், நம் ஊரில் ரத்தசோகை எவ்வளவு என்று சொல்ல வேண்டியதில்லை. காய்ச்சல், வாந்தி என்று வெளியே பெரும்பாலும் எதுவும் தெரியாது, மூளை வளர்ச்சியில் கை வைக்கும். பாதுகாப்பான அளவு என்று ஒன்று இருப்பதாகத் தெரியவில்லை என்பதுதான் உலக சுகாதார அமைப்பின் நிலைப்பாடு. சென்னையிலேயே 3 முதல் 7 வயது வரை உள்ள 750-க்கும் மேற்பட்ட பள்ளிக் குழந்தைகளிடம் ரத்தம் எடுத்துப் பார்த்த ஆய்வு ஒன்று 2009-ல் வெளியானது, சராசரியே டெசிலிட்டருக்கு 11 மைக்ரோகிராமுக்கு மேல். அமெரிக்காவில் இப்போது 3.5 வந்தாலே அந்தக் குழந்தையின் வீட்டில் என்ன இருக்கிறது என்று தேடச் சொல்கிறார்கள். அந்தச் சென்னை ஆய்வில், காரீய அளவு கூடிய குழந்தைகளுக்கு கவனக்குறைவும் பதற்றமும் கூடுதல் என்று டீச்சர்கள் நிரப்பிக் கொடுத்த படிவங்களிலிருந்தே தெரிந்தது. பெட்ரோலில் காரீயத்தை 2000-லேயே நிறுத்திவிட்டோம். அப்புறமும் இவ்வளவு என்றால் மிச்சம் வேறு எங்கிருந்தோ வருகிறது. பெயிண்ட் மட்டும்தான் காரணம் என்று சொல்ல முடியாது. பழைய பேட்டரி உருக்கும் இடங்கள், கலப்பட மஞ்சள்தூள், காரீயம் கலந்த பாத்திரம் எல்லாம் கணக்கில் உண்டு.

நியாயமாக ஒன்று சொல்ல வேண்டும். வேலையை நிறுத்திக் கேட்டதும் அவர்கள் மறுக்கவில்லை. காய்ந்த உப்புத்தாளுக்குப் பதில் வாட்டர் பேப்பர் வந்தது, ஸ்ப்ரே பாட்டிலில் தண்ணீர் தெளித்து ஈரத்தில் தேய்த்தார்கள், தூள் பறக்காமல் சேறாக இறங்கியது, அதைத் துணியில் வழித்துக் கவரில் கட்டினார்கள். உரியாத இடத்தைச் சுரண்டவே வேண்டாம், மேலேயே பிரைமர் அடித்துவிடுங்கள் என்றும் சொல்லிவிட்டேன். நன்றாக ஒட்டியிருக்கும் பழைய பெயிண்ட் தூசி தராது. உரிகிற இடமும், ஜன்னல் கதவு சட்டத்தோடு உரசுகிற விளிம்பும்தான் ஆபத்து, அது ஒவ்வொரு முறை திறந்து மூடும்போதும் கொஞ்சம் கொஞ்சமாக அரைபட்டு விழும். அண்ணனுக்கு இதில் சந்தோஷம்தான். "ஈரத்துல தேச்சா எனக்கே இருமல் வர்றது இல்லக்கா, ஆனா டைம் எடுக்கும், கம்பெனி கேக்கும்" என்றார். அவர் அந்தச் சட்டையோடு வீட்டுக்குப் போய்த்தான் பிள்ளையைத் தூக்குவார், அந்த வீட்டுக்கும் இந்தத் தூள் போகும். கூடுதல் நேரத்துக்குக் கூடுதல் பில் வந்தது, கொடுத்தேன். முதலிலேயே கொட்டேஷனில் இருந்திருக்க வேண்டிய வேலை என்பதால் அரை ஸ்டார் குறைத்தேன்.

மீதி ஒன்றரை ஸ்டார் போனது கிளீனிங்கில். கடைசியில் இலவச டீப் கிளீனிங் என்று இரண்டு பேர் வந்து, துடைப்பத்தால் பெருக்கிவிட்டு, சாதாரண வாக்குவம் போட்டார்கள். காரீயத் தூசி விஷயத்தில் இரண்டுமே ஆகாது. ஹெப்பா ஃபில்டர் (நுண்ணிய தூளையும் பிடிக்கும் வடிகட்டி) இல்லாத வாக்குவம் அந்தத் தூளைப் பின்பக்கமாக அறைக்குள்ளேயே ஊதிவிடும். சோப்புத் தண்ணீரில் முக்கிய துணியால் ஜன்னல் திட்டு, தரை எல்லாவற்றையும் துடைத்து, தண்ணீரை மாற்றி மாற்றி மறுபடி துடைப்பதுதான் முறை. அதை நாங்களே செய்தோம். பாப்பாவை அந்த வாரம் முழுக்க அம்மா வீட்டில் விட்டிருந்தோம், அந்த ஏற்பாடு உங்களால் முடிந்தால் கட்டாயம் செய்யுங்கள். கர்ப்பமாக இருப்பவர்களும் அந்தப் பக்கம் இருக்கவே கூடாது.

பெயிண்டில் காரீயம் இருக்கிறதா என்று வீட்டிலேயே பார்க்க ஆன்லைனில் விற்கிற டெஸ்ட் ஸ்வாப் பற்றி நிறையப் பேர் கேட்கிறீர்கள். தேய்த்தால் குச்சி ரோஸ் கலராக மாறும் வகை. மாறினால் சந்தேகம் உறுதி என்று எடுத்துக்கொள்ளலாம் (சிவப்புப் பெயிண்ட்டின் சாயமே ஒட்டிக்கொள்ளும், அதைக் கவனிக்க வேண்டும்), மாறாவிட்டால் காரீயம் இல்லை என்று எடுத்துக்கொள்ள முடியாது. அடி அடுக்கு வரை வெட்டிப் பார்க்காமல் மேல் அடுக்கை மட்டும் தேய்த்தால் ஒன்றும் தெரியாது. சரியான வழி, உரிந்த சில்லு கொஞ்சம் எடுத்து லேபுக்கு அனுப்புவது. நகையின் தரம் பார்க்கிறார்களே, அந்த எக்ஸ்ஆர்எஃப் கருவியில் பெயிண்டுக்கென்று ஒரு வகை உண்டு, அதை வைத்துச் சுரண்டாமலே பார்க்கலாம். ஆனால் இந்த மாதிரி சர்வீஸ் எதிலும் நான் அதைப் பார்க்கவில்லை. இவ்வளவு காசு வாங்குகிறவர்கள் ஒன்று வாங்கி வைத்தால் என்ன?

ஹவுஸ் ஓனர் மாமிக்கு இதெல்லாம் வேடிக்கை. "முப்பது வருஷமா இருக்கோம், எங்களுக்கு ஒண்ணும் ஆகலையே" என்றார். மாமிக்கு என்ன பதில் சொல்வது? சுவருக்கு அவர் பாதி கொடுத்தார், ஜன்னல் செலவு முழுக்க எங்கள் தலையில். சொந்த வீட்டுக்காரர் ஜன்னலையே மாற்றிவிடலாம், வாடகைக்காரர் ஆணி அடிக்கவே அனுமதி கேட்க வேண்டும், அதிலும் குறைந்த வாடகைக்குக் கிடைக்கிற பழைய போர்ஷன்களில்தான் பெயிண்ட் அதிகம் உரிந்து கிடக்கும்.

புக் செய்வதாக இருந்தால் இதை மட்டும் கொட்டேஷனிலேயே எழுதி வாங்குங்கள்: மரத்திலும் இரும்பிலும் ஈரத்தில் மட்டும்தான் தேய்ப்போம், ஊதுவிளக்கு வைத்துப் பழைய பெயிண்ட்டைக் கருக்கி எடுக்க மாட்டோம் (அதில் காரீயம் புகையாகவே வரும்), கடைசியில் ஈரத் துணியால் துடைப்போம். சுவர் மட்டும் என்றால் தாராளமாகக் கூப்பிடலாம். தெரு மேஸ்திரியை வைத்தால் எனாமல் டப்பாவை நீங்களே பார்த்து வாங்குங்கள், காரீயம் 90 பிபிஎம்முக்குள் என்று லேபிளில் போட்டிருக்க வேண்டும். விதி வந்த பிறகும் சில சின்ன பிராண்ட் எனாமல்களில் வரம்புக்கு மேல் இருந்ததை டெல்லியில் இருக்கும் டாக்சிக்ஸ் லிங்க் அமைப்பு சோதித்துச் சொல்லியிருக்கிறது.

ஏற்கெனவே வேலை முடிந்துவிட்டது, வீடெல்லாம் தூள் பறந்தது என்றால் குழந்தை டாக்டரிடம் சொல்லி ரத்தத்தில் காரீய அளவு பார்க்கலாம், பெரிய லேப்களில் எடுக்கிறார்கள். மருந்து கொடுத்து இறக்குவது பொதுவாக 45 மைக்ரோகிராம் தாண்டினால்தான். அதற்குக் கீழே என்றால் தூசியை ஒழிப்பதும், இரும்புச்சத்தும் கால்சியமும் குறையாமல் சாப்பாடு கொடுப்பதும்தான் வைத்தியம். எங்களுக்கு பால்கனி கிரில் இன்னும் பாக்கி, அதே கம்பெனியிடம் ஈரத் தேய்ப்புக்குத் தனி ரேட் கேட்டு அனுப்பியிருக்கிறேன், பதில் வந்தால் இங்கேயே சேர்க்கிறேன்.