லண்டன் ஃப்ரீமேசன் ஹால்: டிக்கெட் வாங்கியே பாருங்கள்

பழைய கல் கட்டிடங்களைப் பழுதுபார்ப்பது என் தொழில். லண்டன் வரும் நண்பர்கள் எங்கே போகலாம் என்று கேட்டால், கிரேட் குவீன் தெருவில், ஃப்ரீமேசன்கள் என்ற பழைய சகோதரச் சங்கத்தார் கூடும் ஃப்ரீமேசன் ஹாலைத்தான் முதலில் சொல்வேன். ஹோபர்ன் ஸ்டேஷனிலிருந்து நடந்தே போய்விடலாம். அருங்காட்சியகத்துக்குக் கட்டணம் கிடையாது. வழிகாட்டியோடு பெரிய மண்டபத்தைப் பார்க்கத்தான் டிக்கெட். அதைத் தவறாமல் வாங்குங்கள்.

ஃப்ரீமேசன் என்றாலே ரகசியம், சடங்கு என்றுதான் பேச்சு போகும். எனக்கு அங்கே நெஞ்சில் தைத்தது போரில் மாண்டவர்களின் நினைவு. முதல் உலகப் போரில் உயிரிழந்த 3,000-க்கும் மேற்பட்ட சங்க உறுப்பினர்களுக்காகத்தான் இதை 1927-ல் கட்டத் தொடங்கி 1933-ல் முடித்தார்கள். மேசானிக் அமைதி நினைவகம் என்றுதான் பெயரும் வைத்தார்கள். 1939-ல் அடுத்த போர் வந்ததும் அந்தப் பெயர் போய்விட்டது. பெரிய மண்டபத்துக்குப் போகும் வழியில் வால்டர் கில்பர்ட் வடித்த வெண்கலப் பேழை இருக்கிறது. இறந்தவர்களின் பெயர்ச் சுருள் அதற்குள். மேலே வண்ணக் கண்ணாடியில், இதே கட்டிடத்தின் கோபுர முகப்பைக் கையில் ஏந்தி நிற்கிறாள் சமாதான தேவதை. அவசரப்படாமல் நின்று பாருங்கள்.

மண்டபத்தின் வெண்கலக் கதவு ஒவ்வொன்றும் ஒன்றேகால் டன். பைபிளில் வரும் சாலமோன் அரசரின் ஆலயம் கட்டப்பட்ட கதையைப் புடைப்புச் சிற்பமாகச் செதுக்கியிருக்கிறார்கள். உள்ளே 1,700 பேர் உட்காரலாம். கூரையோரம் முழுக்க மொசைக். வெளியே போர்ட்லாந்து கல்லை (இங்கிலாந்தின் வெளிர்நிறச் சுண்ணாம்புக் கல்) பார்த்து முழுக்கக் கல் கட்டிடம் என்று நினைத்துவிட வேண்டாம், உள்ளே தாங்குவது எஃகுச் சட்டகம்.

இதே இடத்தில் 1776-லேயே ஒரு மண்டபம் திறந்தார்கள். இப்போது நிற்பது மூன்றாவது கட்டிடம். சட்டப் பாதுகாப்புப் பட்டியலில் இருக்கிறது என்பது சரி, அது மட்டும் போதாது. பூட்டிவைத்துப் பாதுகாத்த எத்தனையோ கட்டிடங்கள் ஒழுகி உளுத்ததை வேலையில் பார்த்திருக்கிறேன். இங்கே இன்றைக்கும் லாட்ஜ்கள் (ஃப்ரீமேசன்களின் கிளைச் சங்கங்கள்) கூடுகின்றன, சினிமா, டிவி படப்பிடிப்பு நடக்கிறது, கச்சேரிக்கு வாடகைக்கு விடுகிறார்கள். ஆள் புழங்குகிற கட்டிடத்தில் ஓட்டை உடைசல் உடனே கண்ணில் படும். 1933-ல் வைத்த வில்லிஸ் நிறுவனத்தின் ஆர்கன் என்ற குழாய் இசைக்கருவியைக்கூட 2015-ல் முழுதாகச் சீர்செய்து இன்றும் வாசிக்கிறார்கள்.

நிகழ்ச்சி இருக்கும் நாளில் மண்டபத்துக்குள் போக முடியாமல் போகலாம். கிளம்பும் முன் அவர்கள் இணையதளத்தில் தேதியைப் பார்த்துக்கொள்ளுங்கள்.