374 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) கட்டிய பிரெஞ்சு பிரன்ச்: சைவக்காரர்கள் தயவுசெய்து படியுங்கள்

நடந்தது போன ஞாயிற்றுக்கிழமை. இன்று புதன். மூன்று நாளாக அலைக்கழித்துவிட்டார்கள். இன்னமும் கோபம் அடங்கவில்லை.

அம்மாவுக்கு அறுபதாவது பிறந்தநாள். வருடா வருடம் சிங்கப்பூர் தேக்காவில் வாழையிலைச் சாப்பாடுதான். இந்த முறை அவர் பார்க்காத ஒன்றைக் காட்டலாம் என்று ஆசைப்பட்டேன். பழைய கடைவீடு ஒன்றில் நடக்கும் பிரெஞ்சு உணவகம், வார இறுதி பிரன்ச் (காலையும் மதியமும் சேர்ந்த சாப்பாடு), ஆளுக்கு 78 வெள்ளி பிளஸ் பிளஸ். 10 விழுக்காடு சேவைக் கட்டணம், அதையும் கூட்டி அதன்மேல் 9 விழுக்காடு ஜிஎஸ்டி. 78 என்பது 93 வெள்ளி 52 காசாகிவிடும். அம்மா, அப்பா, நான், என் வீட்டுக்காரர், நான்கு பேருக்கு 374 வெள்ளி.

கட்டுவதற்கு முன் நானே போன் பண்ணிக் கேட்டேன். அம்மா முட்டை சேர்த்துக்கொள்வார், கறி மீன் தொடவே மாட்டார். மற்ற மூவரும் மாடு, பன்றி சாப்பிட மாட்டோம். மறுமுனையில் பேசியவர் அவ்வளவு பொறுமையாகக் கேட்டார். நான் சொன்னதை ஒவ்வொன்றாகத் திருப்பிச் சொன்னார். "கேன், மேடம், நோ பிராப்ளம், சமையலறைக்கு எழுதி வைக்கிறேன்" என்றார். அம்மாவுக்கு வாழ்த்துகூடச் சொன்னார். அந்தக் குரலை நம்பித்தான் அன்றைக்கே பேநவ்வில் (வங்கிக் கணக்கிலிருந்து போன் வழியே பணம் அனுப்பும் வசதி) முழுப் பணத்தையும் அனுப்பினேன்.

முதலில் வெங்காய சூப். "இது சைவம்தானே?" என்று கேட்டேன். "ஆனியன் சூப்தான், மேடம்" என்று வைத்துவிட்டுப் போய்விட்டார்கள். அம்மா ரசித்து நாலைந்து கரண்டி குடித்தார். அடுத்து கீஷ் வந்தது, முட்டையும் பாலேடும் ஊற்றிச் சுடும் பை. அம்மா முள்கரண்டியால் பிட்டு, உள்ளிருந்து இளஞ்சிவப்பாக ஒரு துண்டை எடுத்துத் தட்டின் ஓரத்தில் வைத்தார். "இது என்னம்மா?" என்று என்னைப் பார்த்தார். பேக்கன். பன்றி. அது கீஷ் லொரேன், பேக்கன் போட்டுத்தான் செய்வார்களாம். பரிமாறிய பெண், அதை எடுத்துப் போட்டுவிட்டு மிச்சத்தைச் சாப்பிடலாமே என்கிறார்!

மேலாளரைக் கூப்பிட்டேன். அப்போதுதான் சூப்பும் மாட்டெலும்புச் சாறு என்று தெரிந்தது. அம்மா ஒரு வார்த்தை பேசவில்லை. கைக்குட்டையை எடுத்து உதட்டைத் துடைத்துக்கொண்டே இருந்தார். "விடும்மா, நான் பழம் சாப்பிட்டுக்கிறேன்" என்றார். பிறந்தநாளன்று நாலு துண்டு முலாம்பழம். அதை இப்போது நினைத்தாலும் எனக்கு வயிறு எரிகிறது. அப்பா அதற்குப் பிறகு எதையும் தொடவில்லை.

போனில் பேசியவர் அன்றைக்கு விடுப்பாம். சமையலறைக்கு எந்தக் குறிப்பும் வரவில்லையாம். திங்கட்கிழமை போன் பண்ணினால் மின்னஞ்சல் அனுப்பச் சொன்னார்கள். செவ்வாய்க்கிழமை பதில் வந்தது: உணவு பரிமாறப்பட்டுவிட்டது, முன்பணம் திருப்பித் தரப்படாது, அடுத்த முறை வந்தால் கிரெம் புருலே என்ற இனிப்பு ஒன்று இலவசம். அடுத்த முறையா? மாட்டெலும்புச் சாறு குடிக்க வைத்த இடத்துக்கு அம்மாவை மறுபடியும் கூட்டிப் போவேனா? இடம் பிடித்துக் கொடுத்த செயலியைக் கேட்டால், முன்பதிவோடு தங்கள் வேலை முடிந்தது என்கிறார்கள். உணவகத்துக்கு இன்று காலை அனுப்பிய வாட்ஸ்அப்புக்கு இரண்டு நீலக் குறி, பதில் இல்லை. 374 வெள்ளி. மன்னிப்பு என்று ஒரு சொல்கூட இல்லை.

இப்போது அவசரமாகச் சொல்கிறேன். போனில் சொல்வதை நம்பாதீர்கள், எழுத்தில் வாங்குங்கள். என்னிடம் எழுத்தில் எதுவும் இல்லை, அதைத்தான் அவர்கள் பிடித்துக்கொண்டார்கள். பெயரில் வெங்காயம், காளான் என்று இருந்தால் சைவம் என்று நினைக்காதீர்கள், எந்தச் சாற்றில் செய்தது என்று கேளுங்கள். பாலாடைக்கட்டியிலும் கவனம், குரூயேர் போன்றவற்றைக் கன்றுக்குட்டியின் இரைப்பையிலிருந்து எடுக்கும் உறைபொருளை வைத்துத்தான் வழக்கமாகச் செய்வார்கள். முழுப் பணத்தையும் முன்கூட்டிக் கட்டாதீர்கள்.

பயனீட்டாளர் சங்கத்தில் நாளை புகார் கொடுக்கிறேன். அதற்கும் மசியவில்லை என்றால் சிறு தொகை வழக்குகளைக் கேட்கும் ஸ்மால் கிளேம்ஸ் நடுவர் மன்றம், 10 வெள்ளி கட்டினால் போதும், இரண்டு வருடத்துக்குள் போகலாம். யாராவது இப்படிப் போய்ப் பணத்தைத் திரும்ப வாங்கியிருந்தால், என்னென்ன காட்டினீர்கள் என்று சொல்லுங்கள். என்னிடம் பேநவ் ரசீதும், அந்தத் தட்டை என் வீட்டுக்காரர் எடுத்த படமும்தான் இருக்கின்றன.