ஒரு பெரிய கண்ணா, நூறு சின்னக் கண்களா, வாடகைக் கண்ணா?

ஒரு ராணுவத்திடம் விண்வெளி உளவுக்கென்று ஒரு தொகை இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதை எதில் போடுவது? இன்றைக்கு மூன்று வழிகள் கண்முன் நிற்கின்றன. பேருந்து அளவுக்குப் பெரிய உளவு செயற்கைக்கோள் ஒன்றிரண்டைச் சொந்தமாகக் கட்டலாம். சின்னச் சின்ன செயற்கைக்கோள்களைக் கூட்டமாக மேலே அனுப்பலாம். இரண்டும் வேண்டாம் என்றால், தனியார் நிறுவனங்களுக்குச் சந்தா கட்டிப் படம் வாங்கிக்கொள்ளலாம். இந்தப் பேச்சு வந்தாலே பலரும் எவ்வளவு துல்லியமாகத் தெரியும் என்றுதான் ஆரம்பிக்கிறார்கள். எனக்கு முதலில் தெரிய வேண்டியது, படத்தை நிறுத்தும் சுவிட்ச் யார் கையில் என்பது.

சரி, துல்லியத்தையே முதலில் பார்த்துவிடுவோம். 2019 ஆகஸ்டில் ஈரானின் ஏவுதளத்தில் ஒரு ராக்கெட் வெடித்தது. மறுநாள் டிரம்ப் அந்த இடத்தின் படத்தை ட்விட்டரில் போட்டார். கருகிய தளம், சேதமடைந்த வண்டிகள், தளத்தின் ஓரத்தில் பாரசீக மொழியில் எழுதியிருந்த எழுத்துகள் எல்லாம் தெரிந்தன. நிழல் விழுந்த கோணத்தை வைத்தே, படம் எடுத்தது யுஎஸ்ஏ-224 என்ற அமெரிக்க உளவு செயற்கைக்கோள் என்று ஆர்வலர்கள் கண்டுபிடித்துவிட்டார்கள். படத்தின் ஒரு புள்ளி, அதாவது ஒரு பிக்சல், தரையில் சுமார் 10 செ.மீ. இருக்கலாம் என்பது அவர்கள் போட்ட கணக்கு. கடையில் கிடைக்கும் தனியார் படங்களில் நல்லதுக்கே ஒரு பிக்சல் 30 செ.மீ. அதில் லாரி தெரியும், என்ன வகை லாரி என்று ஊகிக்கலாம். மேலிருந்து பார்க்க ஆள் இரண்டு மூன்று புள்ளிகள்தான்.

இந்தத் துல்லியத்துக்கு, ஒளியைக் குவிக்கும் பெரிய கண்ணாடி வேண்டும். யுஎஸ்ஏ-224 வகையின் கண்ணாடி ஹப்பிள் தொலைநோக்கியுடையதைப் போல 2.4 மீட்டர் அகலம் என்று கருதப்படுகிறது. 2012-ல் அமெரிக்க உளவு செயற்கைக்கோள் அமைப்பான என்.ஆர்.ஓ, அதே அளவில் தான் பயன்படுத்தாமல் வைத்திருந்த இரண்டு தொலைநோக்கிகளை நாசாவுக்குச் சும்மா கொடுத்தது. பரணில் கிடந்த அண்டாவை எடுத்துக் கொடுப்பது போல! எத்தனை ஆண்டுப் பணம் அங்கே கொட்டியிருக்கிறது என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டாம்.

ஆனால் பெரிய கண்ணுக்கு இரண்டு குறைகள். எண்ணிக்கை குறைவு என்பதால் அது எப்போது தலைக்கு மேல் வரும் என்று எதிராளி கணக்குப் போட்டுவிடலாம். 1998 மே மாதம் பொக்ரானில் இந்தியா அணுகுண்டு சோதனைக்குத் தயாரானபோது நடந்தது அதுதான். வேலை பெரும்பாலும் இரவில் நடந்தது. விடிவதற்குள் இயந்திரங்களைப் பழைய இடத்திலேயே கொண்டுபோய் நிறுத்திவிட்டார்கள். மேலிருந்து பார்த்தவர்களுக்கு ஒன்றுமே அசையாத மாதிரி இருந்தது. சோதனை நடந்த பிறகுதான் வாஷிங்டனுக்கே தெரிந்தது. இன்னொரு குறை, ஒன்று கெட்டால் மொத்தமும் போச்சு. ஜெர்மனி ராணுவத்தின் சாரா திட்டத்தில் மூன்று ராடார் செயற்கைக்கோள்கள் (ரேடியோ அலையை அனுப்பி, திரும்பி வருவதை வைத்துப் படம் எடுப்பவை). 2023 டிசம்பரில் ஏவிய கடைசி இரண்டிலும் ஆன்டெனா சரியாக விரியவில்லை. மூன்றில் இரண்டு என்றால் யோசித்துப் பாருங்கள். அமெரிக்காவே 1999-ல் அடுத்த தலைமுறை உளவு செயற்கைக்கோள்களுக்கு ஒப்பந்தம் போட்டு, செலவு எகிறியதால் 2005-ல் அதன் ஒளிப்படப் பகுதியைக் கைவிட்டது.

கூட்டமாக அனுப்பும் வழி இந்த இரண்டு குறைகளுக்கும் பதில். சீனா 2007-ல், அமெரிக்கா 2008-ல், இந்தியா 2019-ல், ரஷ்யா 2021-ல் தங்கள் சொந்த செயற்கைக்கோளையே ஏவுகணையால் தகர்த்துக் காட்டின. பெரியது ஒன்று இருந்தால் ஒரு ஏவுகணை போதும். நூறு இருந்தால் எதிராளி எத்தனையைத்தான் அடிப்பான்? என்.ஆர்.ஓ 2024 மே மாதம் இப்படியொரு கூட்டத்தை ஏவத் தொடங்கி, நூற்றுக்கும் மேல் அனுப்பிவிட்டது. அடிக்கடி ஒன்று தலைக்கு மேல் வந்துகொண்டே இருந்தால் பொக்ரான் வித்தை எடுபடாது. ராடார் வைத்ததாக இருந்தால் இரவும் மேகமும்கூடத் தடையில்லை. படம் பெரிய கண்ணின் அளவுக்கு இருக்காது. செலவும் ஒருமுறையோடு முடியாது. தாழ்ந்த சுற்றுப்பாதையில் சின்ன செயற்கைக்கோள்களின் ஆயுள் ஐந்து ஆண்டு வாக்கில்தான், அப்புறம் மறுபடி வாங்கி மறுபடி ஏவ வேண்டும். கட்டிமுடித்த வீடு மாதிரி நினைத்து நிதி ஒதுக்குகிறவர்கள் இங்கேதான் மாட்டிக்கொள்வார்கள்.

மூன்றாவது வழிதான் மலிவு, வேகம். அமெரிக்காவே 2022-ல் மேக்ஸார், பிளாக்ஸ்கை, பிளானட் என்ற மூன்று நிறுவனங்களோடு பத்தாண்டு அளவிலான ஒப்பந்தம் போட்டது. மேக்ஸாருக்கு மட்டும் 324 கோடி டாலர் வரை. பிளானட்டின் படத்தில் ஒரு பிக்சல் சுமார் 3 மீட்டர்தான், ஆனால் நிலப்பரப்பு முழுவதையும் கிட்டத்தட்ட தினமும் எடுத்துவிடும். 'நேற்று இல்லாதது இன்று இருக்கிறதா' என்ற கேள்விக்கு அது போதும்.

சுவிட்ச் கதை வருவதும் இங்கேதான். 2001-ல் ஆப்கானிஸ்தான் போரின்போது அமெரிக்க அரசு, இக்கோனோஸ் என்ற தனியார் செயற்கைக்கோள் அங்கே எடுத்த படங்கள் முழுவதையும் மாதம் சுமார் 19 லட்சம் டாலருக்குத் தானே வாங்கிக்கொண்டது. தடை உத்தரவே தேவைப்படவில்லை. மற்றவர்களுக்கு விற்கப் படம் இல்லை, அவ்வளவுதான். 2025 மார்ச்சில், அமெரிக்க அரசின் திட்டம் வழியாக உக்ரைனுக்குப் போய்க்கொண்டிருந்த மேக்ஸார் படங்கள் போர் நடுவே சில நாள் நின்றன. உக்ரைன் கட்டணம் கட்டத் தவறவில்லை. ஒப்பந்தமே அதன் பெயரில் இல்லை.

இதற்கு நேர்மாறான அனுபவமும் அதே நாட்டிடம் இருக்கிறது. 2022-ல் பைரக்தார் ட்ரோன் வாங்க உக்ரைன் மக்கள் பணம் திரட்டினார்கள். துருக்கி நிறுவனம் ட்ரோன்களை இலவசமாகவே கொடுத்துவிட்டது. மிஞ்சிய பணத்தில் ஒரு தொண்டு நிறுவனம், பின்லாந்தின் ஐஸ்ஐ நிறுவனத்திடம் ஒரு ராடார் செயற்கைக்கோளின் திறனைத் தங்கள் ராணுவத்துக்காக வாங்கியது. அதுவும் வெளியாரின் செயற்கைக்கோள்தான். ஆனால் காசு கொடுத்தவர், கையெழுத்துப் போட்டவர் யார் என்பதில் குழப்பமே இல்லை.

ஆக, வல்லரசு அல்லாத ஒரு நாட்டின் ராணுவம் என்னைக் கேட்டால், பெரிய கண்ணை இப்போதைக்கு விட்டுவிடச் சொல்வேன். சொந்தமாகச் சின்ன ராடார் செயற்கைக்கோள்கள் கொஞ்சம், தரவு இறங்கும் நிலையம் சொந்த மண்ணில். ஒளிப்படத்துக்குச் சந்தா, அதுவும் இரண்டு வெவ்வேறு நாட்டு நிறுவனங்களிடம், தன் பெயரிலேயே போட்ட ஒப்பந்தத்தோடு. நிதியில் ஒரு நல்ல பங்கைப் படம் பார்த்துப் பொருள் சொல்லும் ஆட்களுக்கென்று முதலிலேயே தனியாக எடுத்து வைத்துவிட வேண்டும். கடைசியில் மிஞ்சினால் பார்க்கலாம் என்று விட்டால் அது மிஞ்சவே மிஞ்சாது.