மாடித்தோட்டத்துக்கு எந்தத் தண்ணீர்? போர், குழாய், சாஃப்ட்னர், ஆர்ஓ, மழை: ஓர் ஒப்பீடு

தண்ணீரில் கடினத்தன்மை இருக்கிறதா இல்லையா என்று பார்க்க எங்கள் வீட்டில் மீட்டரே வேண்டியதில்லை. குளியலறைக் குழாயின் வாயில் வெள்ளைப் பொருக்கு கட்டியிருக்கும். துவரம்பருப்பு நாலு விசில் வந்தபிறகும் முழுசாகக் கிடக்கும். சோப்பு நுரைக்காமல் திரிதிரியாக ஒட்டும். புதுச்சேரி முத்தியால்பேட்டையில், கடற்கரையிலிருந்து நடந்து போகும் தூரத்தில் வீடு. போர் தண்ணீர் இப்படித்தான் இருக்கும் என்று பழகிப்போயிற்று. மாடியில் வைத்த இட்லிப்பூச் செடிதான் அப்படிப் பழக மறுத்தது. இளம் இலைகள் வெளிறி, நரம்புகள் மட்டும் பச்சைக் கோடாக நின்றன. உரம் போட்டேன், மண் மாற்றினேன், மாறவில்லை. கடைசியில்தான் தண்ணீர் பக்கம் திரும்பினேன்.

எந்தத் தண்ணீர் நல்லது என்று ஒப்பிடுவதற்கு முன், நாம் மொத்தமாக 'உப்புத்தண்ணி' என்று சொல்வதற்குள் மூன்று வேறு சங்கதிகள் இருப்பதைப் பிரித்துக்கொள்ள வேண்டும். ஒன்று கடினத்தன்மை, அதாவது கால்சியமும் மக்னீசியமும். இவை இரண்டும் செடிக்கு உணவு, பயப்படத் தேவையில்லை. இரண்டாவது பைகார்பனேட், தண்ணீரின் காரம். தொட்டிக்குள் நாளுக்கு நாள் சேர்ந்து மண்ணின் பிஎச், அதாவது அமில-கார அளவை ஏற்றிவிடுவது இதுதான். பிஎச் ஏறினால் மண்ணில் இரும்புச்சத்து இருந்தும் வேரால் எடுக்க முடியாது. என் இட்லிப்பூவுக்கு வந்தது அதுதான். மூன்றாவது சோடியமும் குளோரைடும், சாப்பாட்டு உப்பின் இரு பாதிகள். கடலோர போர்களில் இது கூடுதலாக வரும். இலை நுனியும் ஓரமும் தீய்ந்தால் முதலில் இதைச் சந்தேகிக்கலாம்.

நிலத்தில் நிற்கும் செடிக்கு இவ்வளவு கவலை இல்லை. ஐப்பசி அடைமழை வந்தால் உப்பெல்லாம் கீழே இறங்கிவிடும். க்ரோ பேக்கில் இருப்பதோ ஒரு வாளி மண். தண்ணீர் ஆவியாகும், உப்பு தங்கும். ஊற்றிய தண்ணீரில் உப்பு லிட்டருக்கு 1000 மில்லிகிராம் என்றால், ஒரு கோடைக்காலம் முடிவதற்குள் மண்ணில் அதைப்போலப் பல மடங்கு நிற்கும். மண்தொட்டியின் வெளிப்பக்கத்தில் பூக்கும் வெள்ளைப் பூச்சு அந்தக் கணக்குத்தான்.

குடிநீருக்கான ஐஎஸ் 10500 தரப்படி கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது. வேறு வழியில்லாத இடத்தில் 600 வரை அனுமதி. இது மனிதருக்கான அளவு. பாசனத்துக்கு ஐநா உணவு வேளாண் அமைப்பு சொல்லும் அளவு வேறு: மொத்தக் கரைந்த உப்பு, அதாவது டிடிஎஸ், லிட்டருக்கு 450 மில்லிகிராமுக்குள் என்றால் கவலை இல்லை, 450 முதல் 2000 வரை பார்த்துச் செய்ய வேண்டும், அதற்கு மேல் கடும் சிக்கல். இதுவும் வயலுக்குச் சொன்னது. தொட்டிக்கு இன்னும் கொஞ்சம் கறாராக இருப்பது நல்லது.

எங்கள் போர் தண்ணீரில் டிடிஎஸ் மீட்டர் 1150 காட்டியது. கடினத்தன்மை 480. மீன்தொட்டிக் கடையில் விற்கும், காரத்தை அளக்கும் கேஎச் சொட்டு மருந்து வைத்துப் பார்த்ததில் காரம் 300-க்குப் பக்கம். இந்த எண்களை வைத்துத்தான் மற்ற தண்ணீரோடு ஒப்பிடுகிறேன். உங்கள் வீட்டு எண்கள் வேறாக இருக்கும். இரண்டு தெரு தள்ளினாலே மாறும். கடலூர் மாவட்டத்தில் இருப்பவர்கள் குடிநீர் வடிகால் வாரிய ஆய்வகத்தில் கட்டணம் கட்டி முழுச் சோதனை செய்துகொள்ளலாம். அப்போது சோடியம், காரம் இரண்டையும் கேட்டு வாங்குங்கள். டிடிஎஸ் மீட்டர் மொத்தத்தைச் சொல்லுமே தவிர, உள்ளே என்ன இருக்கிறது என்று சொல்லாது.

சாஃப்ட்னரிலிருந்தே தொடங்குகிறேன், ஏனென்றால் நான் அதிகம் இழந்தது அதில்தான். கீசர் கெட்டுப்போகிறது என்று, கடினத் தண்ணீரை மென்மையாக்கும் சாஃப்ட்னர் ஒன்றை வீட்டுக்கு வைத்தோம். வைத்துக்கொடுத்தவர், "இனிமேல் செடிக்கும் இதையே ஊத்துங்க சார், நல்ல தண்ணி" என்றார். சோப்பு நுரைத்தது, பருப்பு வெந்தது, நானும் நம்பினேன். மூன்று மாதத்தில் முல்லையின் இலை நுனிகள் கருகின. செம்மண் கலவை மேலே பாளமாக இறுகி, ஊற்றிய தண்ணீர் உள்ளே இறங்காமல் நின்றது.

சாஃப்ட்னர் எதையும் வெளியே எடுப்பதில்லை, மாற்றி வைக்கிறது. கால்சியத்தையும் மக்னீசியத்தையும் பிடித்துக்கொண்டு பதிலுக்குச் சோடியத்தை விடுகிறது. வாராவாரம் அதில் உப்பு கொட்டுவது அதற்குத்தான். 100 கடினத்தன்மைக்கு ஏறத்தாழ 46 மில்லிகிராம் சோடியம். எங்கள் 480-க்குக் கணக்குப் போட்டால், ஏற்கெனவே இருந்ததோடு ஒவ்வொரு லிட்டரிலும் சுமார் 220 மில்லிகிராம் சோடியம் கூடியிருக்கிறது. காரம் துளியும் குறையவில்லை. செடிக்கு உணவானது போய், நஞ்சு வந்திருக்கிறது. சோடியம் களிமண் துகள்களைப் பிரித்துவிடுவதால்தான் மண்ணும் இறுகியது. டிடிஎஸ் மீட்டரை வைத்தால் கிட்டத்தட்ட அதே 1150. அதனால்தான் யாருக்கும் சந்தேகம் வருவதில்லை. சாஃப்ட்னர் இருக்கும் வீட்டில், அதற்கு முன்பாக ஒரு குழாய் பிரித்து மாடிக்கு விடச் சொல்லி பிளம்பரிடம் கட்டாயம் கேளுங்கள். சாஃப்ட்னர் தண்ணீரைவிட அதில் விடாத போர் தண்ணீர் எவ்வளவோ மேல்.

போர் தண்ணீரையும் தள்ளிவிட வேண்டாம். எங்கள் காகிதப்பூ, கொத்தவரை, காராமணி, டேபிள் ரோஸ் எல்லாம் இன்றும் அதில்தான் வளர்கின்றன. கொத்தவரை உப்பைத் தாங்குவதில் பெரிய கெட்டிக்காரச் செடி. மிளகாயும் கத்தரியும் கொஞ்சம் முகம் சுளிக்கும். பீன்ஸ் தாங்கவே தாங்காது. இட்லிப்பூ, செம்பருத்தி, ரோஜா, எலுமிச்சை போன்றவற்றுக்கு உப்பைவிடக் காரம்தான் பிரச்சினை.

அந்தக் காரத்தைக் குறைக்க ஒரு வழி எலுமிச்சை உப்பு, கடையில் சிட்ரிக் ஆசிட் என்று கேட்டாலும் தருவார்கள். 300 காரம் உள்ள தண்ணீரில் 200-ஐக் கழிக்க, 10 லிட்டருக்கு ஏறத்தாழ 2.5 கிராம், சுமாராக அரைத் தேக்கரண்டி போதும். நான் செய்து பார்த்தேன், பலன் தெரிந்தது. ஆனால் மண்ணிலுள்ள நுண்ணுயிர்கள் சிட்ரேட்டைத் தின்றுவிட்டால் காரம் பெருமளவு திரும்பிவிடும். ஆகவே இதை மருந்தாக வைத்துக்கொள்ளலாம், சாப்பாடாக வேண்டாம். சோடியத்தை இது ஒன்றும் செய்யாது. கொதிக்க வைத்து ஆறவைக்கும் யோசனையும் சிலர் சொல்வார்கள். பைகார்பனேட்டில் ஒரு பகுதி சுண்ணாம்பாக அடியில் படியும் என்பது உண்மைதான். முப்பது தொட்டிக்குக் கொதிக்க வைக்க எத்தனை சிலிண்டர் வேண்டும்?

குழாய்த் தண்ணீர் ஊருக்கு ஊர் வேறு. கடலூர் மஞ்சக்குப்பத்தில் சித்தி வீடு. போன முறை போவதற்கு முன் போன் செய்து, "சித்தி, குழாய்த் தண்ணி ஒரு பாட்டில் பிடிச்சு வைங்க, டெஸ்ட் பண்ணணும்" என்றேன். "ஊர்ல இருந்து வர்றவன் தண்ணி கேக்குறான் பாரு" என்று சித்தப்பாவிடம் சொன்னது போனிலேயே கேட்டது. அவர்கள் வீட்டில் மீட்டர் 260 காட்டியது. எங்கள் போரில் கால்வாசிகூட இல்லை. அந்த ஊருக்கு கேப்பர் மலைப் பக்கத்துக் கிணறுகளின் தண்ணீர் பெரிய கொடை. மலையின் அடியில் இருப்பது கடலூர் மணற்கல் என்று புவியியலாளர்கள் பெயர் வைத்திருக்கும் பாறை. திருவக்கரையில் கல்லாகிக் கிடக்கும் மரங்களும் அதே அடுக்கைச் சேர்ந்தவை. மணலும் மணற்கல்லும் சுண்ணாம்பை அதிகம் கரைத்து விடுவதில்லை. அதுவே கடலோர வண்டல் என்றால், அளவுக்கு மீறி உறிஞ்சும்போது கடல் உள்ளே வந்துவிடுகிறது.

புதுச்சேரி நகரத்துக்கும் நல்ல தண்ணீர் வெளியிலிருந்து வந்ததுதான். மூன்றாம் நெப்போலியன் காலத்தில் முத்திரைப்பாளையத்திலிருந்து தண்ணீர் கொண்டுவந்ததன் நினைவாகத்தான் பாரதி பூங்கா நடுவில் ஆயி மண்டபம் நிற்கிறது. உங்கள் தெருக் குழாயில் டிடிஎஸ் 450-க்குள் இருந்தால் தொட்டிச் செடிக்கு யோசிக்காமல் ஊற்றலாம். குளோரின் வாசம் அடித்தால் வாளியில் இரவு முழுக்கத் திறந்து வையுங்கள், போய்விடும். எனக்குள்ள தயக்கம் வேறு. சித்திரையில் குடிக்கவே அளந்து விடும் தண்ணீரை மாடிக்கு எடுத்துப்போக மனம் வருவதில்லை.

ஆர்ஓ தண்ணீர் கிட்டத்தட்ட மழைநீருக்குச் சமம். எங்கள் மெஷினில் 80 வருகிறது. அதையே தனியாக ஊற்றினால் கால்சியமும் மக்னீசியமும் உரத்திலிருந்துதான் கிடைக்க வேண்டும். தேங்காய் நார்க்கழிவு அதிகம் உள்ள கலவையில் இந்தக் குறை சீக்கிரம் தெரியும். போரோடு கலந்து ஊற்றுவதே சரி. ஆனால் ஒரு லிட்டர் எடுக்க மூன்று லிட்டர் வெளியே போகிறதே, அதுதான் வருத்தம்.

அந்த மூன்று லிட்டரைப் பற்றி எல்லாரும் "அது விஷம், செடிக்கு ஊத்தாதே" என்கிறார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. 1150 உள்ள தண்ணீர் 4 லிட்டர் உள்ளே போய், 80 உள்ளது 1 லிட்டர் பிரிந்தால், மீதி 3 லிட்டரில் சுமார் 1500 இருக்கும். போர் தண்ணீரைவிட மூன்றில் ஒரு பங்கு கூடுதல், அவ்வளவுதான். காகிதப்பூ அதைத் தாங்கும். சித்தி வீட்டு 260 தண்ணீரில் ஆர்ஓ ஓட்டினால் கழிவே 350-க்குள் வரும், ரோஜாவுக்கே ஊற்றலாம். கழிவு என்ற பெயரைப் பார்க்காமல் மீட்டரைப் பாருங்கள்.

ஏசி தண்ணீரும் உண்டு. நம்முடைய கடலோரப் புழுக்கத்தில் இரவு முழுக்க ஓடினால் அரை வாளிக்கு மேல் சேர்கிறது. உப்பே இல்லாத தண்ணீர். செம்புக் குழாயைத் தொட்டு வருவதால் கீரைக்கு ஊற்றாமல், பூச்செடிக்கு மட்டும் வைத்திருக்கிறேன்.

இனி மழைநீர். என் ஓட்டு இதற்குத்தான், சந்தேகமே இல்லை. ஒரு சதுர மீட்டரில் 1 மில்லிமீட்டர் பெய்தால் 1 லிட்டர். ஆயிரம் சதுர அடி மாடி 93 சதுர மீட்டர். 2024 நவம்பர் 30-ல் ஃபெஞ்சல் புயல் கரையேறியபோது புதுச்சேரியில் ஒரே நாளில் சுமார் 48 செ.மீ. கொட்டியது. அந்த ஒரு நாளில் அப்படி ஒரு மாடியில் விழுந்தது 44,000 லிட்டருக்கு மேல். தெருவில் முழங்கால் தண்ணீர் நின்ற அந்த நாளில் சேமிக்கும் நினைப்பு யாருக்கும் இருந்திருக்காது. ஆனால் ஐப்பசி, கார்த்திகையில் சாதாரணமாகப் பெய்யும் மழையே போதும்.

"மழைத்தண்ணியை எத்தனை நாளைக்கு வெச்சிருக்க முடியும்?" என்பதுதான் எல்லாரும் கேட்கும் கேள்வி. எல்லாச் செடிக்கும் ஊற்றினால் ஒரு மாதம்கூட வராது. எல்லாவற்றுக்கும் ஊற்றத் தேவையில்லை. என்னிடம் தொட்டிகள் 30-க்கு மேல். தண்ணீருக்கு நோகிறவை எட்டுத்தான். எட்டுக்கும் நாளொன்றுக்கு 6 லிட்டர். அதில் பாதி மழைநீர், பாதி போர் என்று கலந்தால் மழைநீர் தினம் 3 லிட்டர். 500 லிட்டர் டிரம் இரண்டு வைத்தால் 330 நாள் ஓடும். மார்கழியில் தொடங்கினால் அடுத்த ஐப்பசி வந்துவிடும். பாதிக்குப் பாதி கலந்ததில் டிடிஎஸ் 600-க்குக் கீழே, காரம் 150 அளவு, கால்சியம் தேவைக்கு இருக்கிறது. இதைவிடப் பொருத்தமான தண்ணீரை நான் இதுவரை பார்க்கவில்லை.

முதல் இரண்டு மழையை மாடியைக் கழுவ விட்டுவிடுங்கள். வெயிலுக்காகச் சுண்ணாம்பு அடித்த மாடி என்றால் அதில் வழியும் தண்ணீரில் காரம் ஏறும். ஷீட் கூரையில் வழிவதைப் பிடிப்பது நல்லது. டிரம் கறுப்பாகவோ மூடியோ இருந்தால் பாசி பிடிக்காது. வாய்க்கு நைலான் வலை கட்டாமல் விட்டால் டெங்குக் கொசுவுக்குத்தான் வீடு கட்டிக்கொடுத்ததாகும்.

தண்ணீரை மாற்றிய அன்றே செடி தேறிவிடாது. தொட்டியில் ஏற்கெனவே சேர்ந்திருப்பதை முதலில் கழுவ வேண்டும். என் இட்லிப்பூத் தொட்டியில் அடியில் வடிந்த தண்ணீரைப் பிடித்துப் பார்த்தபோது டிடிஎஸ் 3100. மழைநீரை மெதுவாக மூன்று முறை, ஒவ்வொரு முறையும் தொட்டியின் கொள்ளளவுக்கு ஊற்றி வடியவிட்டேன். கடைசி வடிநீர் 900-க்கு வந்தது. பிறகு ஒருமுறை இரும்புச்சத்து கொடுத்தேன். கடையில் பெரும்பாலும் தருவது ஈடிடிஏ வகை, பிஎச் 6.5-க்கு மேல் அது சரியாக நிற்காது. கார மண்ணுக்கு ஈடிடிஎச்ஏ என்று கேட்டு வாங்க வேண்டும், சிவப்பாகக் கரையும். இப்போதும் ஊற்றும்போது பத்தில் ஒரு பங்காவது அடியில் வழியும்படி ஊற்றுகிறேன். வெளிறிய பழைய இலைகள் அப்படியேதான் நின்றன. ஐந்தாவது வாரம் நுனியில் விட்ட இரண்டு இலைகள் முழுப் பச்சையாக வந்தன.