எல்க்கா, செம்மானா? மான் பண்ணையில் பணம் போட நினைக்கும் கொழும்புக்காரர் பார்க்க வேண்டிய கணக்கு

கொழும்பில் ‘எல்க்’ என்றால் வயதானவர்களுக்கு மரைதான் நினைவுக்கு வரும். ஆங்கிலேயத் துரைமார் நம் மரைக்கு வைத்த பெயர் அது. நுவரெலியாப் பக்கத்து எல்க் பிளேன்ஸ் அந்தப் பெயரின் மிச்சம். பண்ணையில் வளர்க்கும் எல்க் வேறு. அது வட அமெரிக்காவின் வப்பிட்டி. ஆண் 300 கிலோவைத் தாண்டும், பெரியது 450 கிலோவையும் தொடும். அதன் நெருங்கிய உறவு ஐரோப்பியச் செம்மான். அதில் ஆண் 160 முதல் 240 கிலோ, பெட்டை 100 கிலோ அளவு. இரண்டும் ஒன்றோடொன்று கூடிக் குட்டி போடும், அந்தக் குட்டிகளும் மலடல்ல.

ஹொரணையில் காணி இருக்கிறது, அங்கே விடலாமா என்று யோசிப்பவர்களுக்கு முதலில் ஒரு பதில்: இரண்டும் சரிவராது. இந்த மான்களின் கொம்பு, இணைசேர்க்கை, பசி எல்லாமே பகற்பொழுதின் நீளத்தைப் பார்த்துத்தான் நடக்கின்றன. கொழும்பில் ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் ஒரு மணித்தியாலம்கூட வித்தியாசமில்லை. காலம் தெரியாத மான் கொம்பை ஒழுங்காக உதிர்க்காது. மரையைப் பிடித்து வளர்க்கலாமே என்றால், அது 1937 ஆம் ஆண்டின் விலங்கின, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின் கீழ் காக்கப்பட்ட பிராணி. அந்தப் பேச்சே வேண்டாம்.

ஆகவே உண்மையான கேள்வி, கனடாவிலோ நியூசிலாந்திலோ உள்ள உறவினர் ‘பங்கு போடுங்கள்’ என்று கேட்கும்போது எழுவது. அல்பேர்ட்டாவில் எல்க்கா, நியூசிலாந்தில் செம்மானா?

வேலியிலிருந்து தொடங்குவோம், முதற்செலவில் பெரும்பங்கு அங்கேதான் போகும். எல்க்குக்கு வட அமெரிக்காவில் 2.4 மீற்றர், அதாவது எட்டடி உயர இழுவிசைக் கம்பி வலை வேண்டும். செம்மானுக்கு நியூசிலாந்தில் ஏறத்தாழ இரண்டு மீற்றர் போதும். வலையின் கீழ்ப்பக்கக் கண்கள் சிறிதாக இருக்க வேண்டும். பெரிய கண்ணில் குட்டி தலையை விட்டுச் சிக்கிக்கொள்ளும். தொழுவத்தின் பக்கச் சுவரைப் பலகையால் முழுதாக மூட வேண்டும். வெளியே ஆள் நடப்பது தெரிந்தால் மான் சுவரில் மோதும். அதிகம் துரத்திப் பிடித்தால் தசை சிதைந்து, ஒரு நாளிலோ சில நாட்களிலோ செத்தும் போகும். மாட்டுத் தொழுவத்தைச் சற்று மாற்றிச் சமாளிக்கலாம் என்று நினைப்பவர்கள் இழப்பது இங்கேதான்.

வருமானத்தில் எல்க்கின் பலம் இளங்கொம்பு. கொம்பு கெட்டிப்படுவதற்கு முன், வெல்வெட் போன்ற தோல் மூடியிருக்கும்போதே அறுத்தெடுப்பார்கள். வளர்ந்த எல்க் ஒன்று ஆண்டுக்கு 8 முதல் 12 கிலோ வரை தரும். நல்ல செம்மான் 4 முதல் 6 கிலோ. பழைய கொம்பு உதிர்ந்து ஏறத்தாழ இரண்டு மாதத்தில் அறுக்க வேண்டும், எல்க்குக்குச் சில நாள் கூடுதலாகப் பிடிக்கும். நாள் தப்பினால் உள்ளே சுண்ணாம்பு ஏறித் தரம் விழும். கொம்பின் அடியைச் சுற்றி மரக்கச் செய்யும் ஊசி போட்டு, சில நிமிடம் பொறுத்து, வலி தெரியவில்லை என்று உறுதி செய்த பிறகே வாள் வைக்க வேண்டும். அறுத்த முனை மேலே இருக்கும்படி நிறுத்தி உறையவைப்பார்கள், இரத்தம் வடிந்துவிடாமல். கொரிய, சீன மருந்துக் கடைகளில் விலை பேசுவது அந்த இரத்த நிறத்தைப் பார்த்துத்தான்.

கிலோக்கணக்கில் பார்த்தால் எல்க் வெல்கிறது. ஆனால் வாங்குபவன் கதவை மூடினால்? 2000 ஆம் ஆண்டு இறுதியில் தென்கொரியா கனடா எல்க் கொம்பின் இறக்குமதியை நிறுத்தியது. காரணம் நாட்பட்ட மெலிவு நோய். மான் மெலிந்து, எச்சில் ஒழுகி, தள்ளாடிச் சாகும். பிரியன் என்னும் திரிந்த புரதத்தால் வருவது, மருந்தில்லை, தடுப்பூசியுமில்லை. 1967 இல் கொலராடோவில் அடைத்து வளர்த்த மான்களில் முதலில் கவனிக்கப்பட்டது. 1996 இல் கனடாவின் சஸ்காச்சுவான் மாகாண எல்க் பண்ணையில் தெரிந்தது. தடைக்குப் பிறகு, 2001 இல், கனடாவிலிருந்து கொரியாவுக்குப் போன எல்க்குகளிலேயே அது வெளிப்பட்டது. அந்தப் பிரியன் மண்ணில் ஆண்டுக்கணக்கில் கிடக்கும், மந்தையை அழித்தாலும் காணி சுத்தமாகாது. உறுதியான பரிசோதனைக்கு, செத்த மானின் மூளைத்தண்டும் தொண்டை நிணநீர் முடிச்சும் வேண்டும். எட்டாயிரம் மைல் தூரத்திலிருந்து பணம் போடுபவருக்கு இதைவிடப் பெரிய ஆபத்து வேறில்லை. நியூசிலாந்தில் இந்நோய் இல்லை. நம் தெரிவை இந்த ஒன்றே தீர்மானிக்கப் போதும்.

செம்மானுக்கும் தலைவலி உண்டு. செம்மறியாடு சும்மா சுமக்கும் ஒரு வைரஸ் மானுக்குத் தொற்றினால் காய்ச்சலும் கழிச்சலும் கண்டு பெரும்பாலும் சாகும். ஆட்டு மந்தை பக்கத்து வயலில் மேய்கிற பண்ணையா என்று கேளுங்கள்.

இனி, நியூசிலாந்தில் பலர் செய்யும் நடுவழி: செம்மான் பெட்டை மந்தை, வப்பிட்டி ஆண். குட்டி வேகமாக வளரும், இறைச்சி எடை கூடும். எங்கள் பரிந்துரை இதுதான், இரண்டு நிபந்தனைகளோடு. முதல் ஈற்றுச் சிறு பெட்டைக்குப் பெரிய வப்பிட்டியை விடாதீர்கள், குட்டி வழியில் சிக்கித் தாயும் போகும். அந்தப் பெட்டைகளுக்குச் செம்மான் ஆணே போதும். இரண்டாவது, வப்பிட்டி இரத்தம் கூடக்கூட வயிற்றுப்புழு, நுரையீரல்புழு, செம்புச்சத்துக் குறைவு மூன்றும் கடுமையாகத் தாக்கும். செம்மானுக்குப் போதுமான புழுமருந்து அட்டவணை இவற்றுக்குப் போதாது.

இனம் எதுவானாலும் இணைசேரும் பருவத்தில் ஆண் தீனியை மறந்து உடலெடையில் ஐந்தில் ஒரு பங்கு வரை இழக்கும், மனிதனையும் குத்தும். அந்தக் காலத்தில் தனி ஆளை வயலுக்குள் அனுப்பும் பண்ணையை நம்ப வேண்டாம்.

கையொப்பமிடுமுன் கேட்க வேண்டிய தாள்கள்: கனடா என்றால், மெலிவு நோய்க் கண்காணிப்பில் அந்த மந்தை எத்தனை ஆண்டாக இருக்கிறது, செத்த ஒவ்வொரு மானின் பரிசோதனை முடிவு எங்கே. எந்த நாடானாலும் காசநோய்ப் பரிசோதனை, கல்லீரல் செம்பு அளவு, கடந்த ஐந்து பருவத்தின் கொம்பு எடையும் விற்ற விலையும். கடைசியாகச் சொன்ன கொம்புக் கணக்கைக் காட்டத் தயங்கினால் பணத்தை ஹோமாகமையில் பரண் கொட்டிலில் ஜமுனாபாரி ஆடு வளர்ப்பவரிடம் போடுங்கள். 150 நாளில் குட்டி, அதிலும் அடிக்கடி இரட்டை, வாங்க ஆள் பக்கத்திலேயே.