மாங்காய் மண்டிக்கு எடைச்சீட்டு: விஷுவல் ஸ்டுடியோவா, லாசரஸா?

கிருஷ்ணகிரி மண்டி ஒன்றுக்கு எடைச்சீட்டு போடும் சின்ன மென்பொருள்; அதை எந்தக் கருவியில் எழுதலாம் என்பதுதான் கேள்வி. பெங்களூரா, செந்தூரா, நீலம் என ரகத்தைத் தேர்ந்தெடுக்க ஒரு பெட்டி, எடைக்கும் விலைக்கும் ஆளுக்கொன்று, கீழே ஒரு பட்டன். ஃபார்மில் (மென்பொருளின் சாளரத்தில்) பட்டனை இழுத்துப் போட்டு, டபுள் கிளிக் செய்து நிரல் எழுதப் பழகுகிற மாணவருக்கு இதைவிட நல்ல முதல் வேலை இல்லை.

மைக்ரோசாஃப்டின் பழைய நிரல் கருவியான விஷுவல் பேசிக் 6 வேண்டவே வேண்டாம். 1998-இல் வந்த அந்த எடிட்டருக்கு 2008-லேயே ஆதரவு நின்றுவிட்டது. அதன் அடிப்படை கன்ட்ரோல்களுக்கு (பட்டன், பெட்டி போன்றவற்றுக்கு) தமிழ் உள்ளிட்ட மொழிகளுக்கான எழுத்துக்குறி முறையான யூனிகோடும் தெரியாது. ரகத்தின் பெயர் வரவேண்டிய இடத்தில் கேள்விக்குறிகள்தான் வரும். சீட்டு வாங்கும் விவசாயி அதைத் தமிழில் படிக்கவேண்டும். இதில் விட்டுக்கொடுக்கக் கூடாது.

மைக்ரோசாஃப்டின் இன்றைய நிரல் கருவியான விஷுவல் ஸ்டுடியோவில், கம்யூனிட்டி பதிப்பு இலவசம். தட்டத் தட்ட அடுத்த சொல்லை எடுத்துக்கொடுக்கும், பிழையைச் சுட்டிக்காட்டும். ஓசூர்ப் பக்கம் வேலை தேடப்போகிறவருக்கு இதில் எழுதும் சி ஷார்ப் மொழி கைகொடுக்கும். ஆனால் டெஸ்க்டாப் பகுதியை மட்டும் நிறுவினாலும் பல ஜிபி இறங்கும். பழைய மடிக்கணினி திணறிப்போகும். இதில்தான் எழுதுவது என்றால் மென்பொருள் ஓடத் தேவையான அடித்தளமாக டாட் நெட் ஃப்ரேம்வொர்க் 4.8-ஐத் தேர்ந்தெடுங்கள். புதுப்பிக்கப்பட்ட விண்டோஸ் 10, 11-இல் அது ஏற்கெனவே இருப்பதால், மண்டிக் கணினியில் தனியாக எதையும் நிறுவவேண்டாம்.

என் ஓட்டு லாசரஸுக்கு. 1999-இல் தொடங்கிய இந்த இலவச நிரல் கருவி, டெல்ஃபி என்னும் கருவியின் சாயலில் பாஸ்கல் மொழியில் இயங்குவது. நிறுவ விஷுவல் ஸ்டுடியோவைவிடக் குறைந்த இடம் போதும். விண்டோஸ், லினக்ஸ் இரண்டிலும் ஓடும். எழுதி முடித்ததை ஒரே எக்ஸி கோப்பாக பென் டிரைவில் கொண்டுபோய்க் கொடுக்கலாம். தகவலைச் சேமிக்க எஸ்கியூலைட் என்னும் தரவுத்தளம் சேர்த்தால் அதன் டிஎல்எல் (துணை நிரல்) கோப்பைப் பக்கத்தில் வைக்கவேண்டும், அவ்வளவே. முதல் எக்ஸி மிகப் பெரிதாக வந்தால் பயப்படாதீர்கள்; அது டீபக் (பிழை தேட உதவும்) தகவலின் எடை, ரிலீஸ் முறையில் கம்பைல் செய்தால் இளைத்துவிடும்.

விஷுவல் பேசிக் போன்ற இன்னொரு கருவியான காம்பாஸும் (Gambas) இனிமையானதுதான், ஆனால் விண்டோஸில் ஓடாது, லினக்ஸுக்கானது. மண்டியில் இருப்பது விண்டோஸ்.

தமிழில் எழுதுகிறவர்கள் ஒன்றைக் கவனிக்கவேண்டும். 'நீலம்' நம் கண்ணுக்கு மூன்று எழுத்து. டாட் நெட்டில் லெங்த் (நீளம்) கேட்டால் 5 என்னும்; கால், புள்ளி போன்ற குறிகளையும் அது தனியாக எண்ணும். லாசரஸில் 15 என்னும், அது பைட் கணக்கு. யுடிஎஃப்8லெங்த் கேட்டால் அங்கேயும் 5. எனவே சீட்டில் பத்திகளை நேராக்க எழுத்தெண்ணி இடைவெளி விடாதீர்கள். லாசரஸில் டெக்ஸ்ட்வித், டாட் நெட்டில் மெஷர்ஸ்ட்ரிங் கொண்டு அகலத்தை அளந்து அச்சிடுங்கள்.