கழுத்தில் ஸ்கேன் எடுத்துவிட்டு டி.சி.டி. என்று பில் போட்டார்கள்

சிக்கிள் செல் (ரத்தச் சிவப்பணுக்கள் அரிவாள்போல் வளைந்துவிடும் பரம்பரை நோய்) உள்ள பிள்ளைக்கு டி.சி.டி. என்ற மூளை ரத்தக்குழாய் ஸ்கேன் எடுக்கப் போகிறவர்கள் தயவுசெய்து இதைப் படித்துவிட்டுப் போங்கள்.

என் அக்கா மகளுக்கு ஏழு வயது. கோத்தகிரிப் பக்கம் எங்கள் இருளர் குடும்பங்களுக்கு இந்த நோய் புதிதல்ல. நீலகிரி ஆதிவாசிகளிடம் இது இருப்பதை 1952-லேயே ஆய்வாளர்கள் எழுதிவிட்டார்கள். கை கால் வலி, ரத்தக்குறைவு என்று எல்லோருக்கும் தெரியும். சின்னப் பிள்ளைக்குப் பக்கவாதமே வரலாம் என்பதுதான் பலருக்குத் தெரியாது. மூளைக்குப் போகும் ரத்தக்குழாய் உள்ளுக்குள் புண்ணாகிச் சுருங்கும். சுருங்கிய இடத்தில் ரத்தம் வேகமாகப் பாயும். அந்த வேகத்தை அளப்பதுதான் டி.சி.டி. 2 வயதிலிருந்து 16 வயது வரை வருடம் ஒருமுறை பார்க்கச் சொல்கிறார்கள்.

மலைக்குக் கீழே ஒரு தனியார் ஸ்கேன் சென்டரில் சீட்டைக் காட்டினோம். "எடுக்கலாம்" என்று முழுப் பணத்தையும் முதலிலேயே வாங்கிக்கொண்டார்கள். கழுத்தில் இரண்டு பக்கமும் ஜெல் தடவித் தேய்த்துவிட்டு, 'நார்மல்' என்று தாளை நீட்டினார்கள். "தலையில வைக்கலையே சார்" என்றாள் அக்கா. "இதுலயே எல்லாம் தெரிஞ்சிரும்மா" என்று பதில்.

தெரியாது. கழுத்தில் எடுப்பது கரோடிட் டாப்ளர், கழுத்து ரத்தக்குழாயைப் பார்க்கும் ஸ்கேன், அது வேறு. டி.சி.டி.க்குக் காதுக்கு முன்னால், பொட்டெலும்பின்மேல் கருவியை வைக்க வேண்டும். ஊசி, மயக்கமருந்து எதுவும் கிடையாது. பிள்ளை விழித்தபடி அழாமல் படுத்திருந்தால் போதும். ரிப்போர்ட்டில் இரண்டு பக்கத்துக்கும் நொடிக்கு இத்தனை சென்டிமீட்டர் என்று எண் வரும். 170-க்குள் இருந்தால் சரி. 200-ஐத் தொட்டால் ஆபத்து. இடைப்பட்டால் சில மாதத்தில் மறுபடி எடுக்க வேண்டும். எங்கள் தாளில் மூளைக்குழாய் பற்றி ஒரு எண்கூட இல்லை.

ஊரில் டாக்டரம்மா அதைப் பார்த்ததுமே வேறு இடத்துக்கு அனுப்பினார். அங்கே இடது பக்கம் 200-ஐத் தாண்டியிருந்தது. இன்னொரு தடவை எடுத்து உறுதி செய்துகொண்டு, இப்போது மாதாமாதம் ரத்தம் ஏற்றுகிறார்கள். இப்படி ஏற்றினால் முதல் பக்கவாதம் வரும் ஆபத்து 90 சதவீதத்துக்கு மேல் குறைகிறது என்று 1998-ல் அமெரிக்க ஆய்வு ஒன்று காட்டியது. அந்த 'நார்மலை' நம்பி ஒரு வருடம் சும்மா இருந்திருந்தால்? நினைத்தாலே ஈரக்குலை நடுங்குகிறது.

பணத்தைத் திருப்பிக் கேட்டதற்கு, "ஸ்கேன் எடுத்தாச்சு, ரிப்போர்ட்டும் கொடுத்தாச்சு" என்றார்கள். பில்லில் டி.சி.டி. என்றே இருக்கிறது. அதையும் ரிப்போர்ட்டையும் வைத்து கலெக்டர் ஆபீஸில் மனு கொடுத்திருக்கிறோம்.

பணம் கட்டும் முன்பே, எங்கே வைத்து எடுப்பீர்கள், வேகம் எண்ணாக வருமா என்று கேளுங்கள். அப்புறம், எந்த ஸ்கேன் என்ன சொல்லியிருந்தாலும் சரி, பிள்ளைக்கு வாய் கோணினால், ஒரு கை தொங்கினால், பேச்சு குழறினால் உடனே 108-ஐக் கூப்பிட்டு, சிக்கிள் செல் பிள்ளை என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.